தீவிரவாதம், பயங்கரவாதம், கடும்போக்கு: எதற்கு எந்தச் சொல்?

குண்டு வெடித்த மறுநாள் காலையில் நாளிதழ்த் தலைப்பு 'தீவிரவாதிகள் தாக்குதல்' என்கிறது. வகுப்பிலோ 1907 சூரத் காங்கிரசில் மிதவாதிகளும் தீவிரவாதிகளும் பிரிந்த பாடம். திலகரும் வ.உ.சி.யும் தீவிரவாதிகள் என்று படிக்கும் பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்?

ஆங்கிலத்தின் எக்ஸ்ட்ரீமிசம் (extremism), டெரரிசம் (terrorism) இரண்டும் வேறு வேறு. எக்ஸ்ட்ரீமிசத்தின் வேர், கடைக்கோடி என்று பொருள்படும் லத்தீன் சொல். டெரரிசம், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தின் 1793–94 அச்ச ஆட்சியைச் சுட்டப் பிறந்தது. அன்று அச்சுறுத்தியது அரசாங்கமே. முன்னது ஒருவர் கொண்ட நிலைப்பாடு, பின்னது ஒருவர் கையிலெடுத்த வழிமுறை. இரண்டுக்கும் 'தீவிரவாதம்' என்றே எழுதும் மொழிபெயர்ப்பாளர்கள் கருத்தையும் கொலையையும் ஒரே கூண்டில் ஏற்றுகிறார்கள். 1908இல் வ.உ.சி.க்குத் தண்டனை வாங்கித் தந்தது அவருடைய மேடைப் பேச்சு, வெடிகுண்டு அல்ல.

இதற்கு மாற்றாகச் சிலர் 'அடிப்படைவாதம்' என்று எழுதுவது இன்னும் மோசம். அது 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அமெரிக்கப் புராட்டஸ்டன்டு கிறித்தவர்களிடையே எழுந்த இயக்கத்தின் பெயர். மறைநூலை எழுத்துக்கு எழுத்து நம்புகிறவர் யாருக்கும் தீங்கு செய்யாமலே வாழ்ந்து முடிக்கலாம். மதமே வேண்டாம் என்பவர் ஆயுதம் தூக்கலாம். அவரை எந்த 'அடிப்படை'யில் சேர்ப்பது?

எக்ஸ்ட்ரீமிசத்துக்கு, இலங்கைத் தமிழ் இதழ்கள் நெடுநாளாக எழுதிவரும் 'கடும்போக்கு' போதும். நல்ல தமிழ், ஒலியிலேயே பொருள் விளங்குகிறது. பிடிவாத அரசியல்வாதிக்கும் அதுவே பயன்படுகிறதே என்பார்கள். பயன்படட்டும், போக்கைச் சொல்கிறதே ஒழிய வன்முறையைத் தானாகச் சுமத்தவில்லை, அதுதான் அதன் சிறப்பு. பயங்கரவாதம் வன்செயலுக்கு மட்டும் இருக்கட்டும். தீவிரவாதி வரலாற்றுப் பாடத்தோடு நிற்கட்டும்.

தாக்குதல் நடந்த வாரத்தில் வகுப்பெடுக்கும் ஆசிரியர் கரும்பலகையில் மூன்று கேள்விகளை இந்த வரிசையில் எழுதலாம்: என்ன கருத்து? என்ன வழி? யாருடைய உரிமையை மறுக்கிறது? வழியை முதலில் கேட்டால் பேச்சு முழுவதும் குண்டிலேயே நின்றுவிடும். மூன்றாவதை விட்டுவிட்டால், ஆயுதம் தொடாமலே அடுத்தவரை மனிதராக மதிக்காத கடும்போக்கு தப்பித்துக்கொள்ளும். பிறகு பேச்சுரிமை தரும் இந்திய அரசமைப்பின் 19ஆவது பிரிவையும், 1962 கேதார்நாத் சிங் தீர்ப்பையும் காட்ட வேண்டும். அரசை எவ்வளவு கடுமையாகச் சாடினாலும், வன்முறையையோ பொது ஒழுங்கின் குலைவையோ தூண்டாதவரை அது தேசத்துரோகம் ஆகாது என்றது உச்ச நீதிமன்றம். அரசைக் கேள்வி கேட்கும் மாணவனைச் சக மாணவர்கள் 'தீவிரவாதி' என்று கூப்பிட்டால், ஆசிரியர் அந்த இடத்திலேயே நிறுத்தி, மூன்று கேள்விகளில் எதற்கு விடையாக அப்படிச் சொன்னார்கள் என்று கேட்க வேண்டும்.