மந்திர வாளுக்கும் கணக்கு உண்டு

சென்னையில் சனி, ஞாயிறுகளில் வீரர், மந்திரவாதி என்று வேடமேற்றுப் பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை ஆடுகிற எந்த மேசையில் போய் உட்கார்ந்தாலும் கதை நடத்துபவரிடம், அதாவது டிஎம்மிடம், யாராவது கெஞ்சிக்கொண்டிருப்பார்கள். "ண்ணா, ஒரு ப்ளஸ் ஒன் வாள்தானே, குடுத்துடுங்கண்ணா. அஞ்சு பர்சென்ட்தான ஏறப்போவுது!" ப்ளஸ் ஒன் வாள் என்பது, தாக்க உருட்டும் பகடையிலும் அடியின் சேதத்திலும் ஒன்றைக் கூட்டும் மந்திர வாள். இருபது முகப் பகடையில் ஒரு முகம் என்பது 5 சதவீதம்தான். அதனால் அடி விழும் வாய்ப்பு அவ்வளவுதான் கூடும் என்பதும் உண்மை. ஆனால் வாளின் பலம் அந்த 5 சதவீதத்தோடு நிற்பதில்லை.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளை எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் லெவல் போர்வீரன் ஒருவன். வலிமைக்கு 4, பயிற்சிக்கு 3 என மொத்தம் 7-ஐப் பகடையோடு கூட்டுகிறான். எதிரே நிற்கும் கோப்ளின் என்கிற குட்டி அரக்கனின் ஆர்மர் கிளாஸ், அதாவது அடி விழத் தாக்குபவர் எட்ட வேண்டிய எண், 15. பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி. அதற்கான வாய்ப்பு 65 சதவீதம். சாதாரண வாளில் அடி விழுந்தால் சேதம் சராசரியாக 8.5. இரண்டையும் பெருக்கினால் ஒரு வீச்சுக்குச் சுமார் 5.5. அதே கையில் ப்ளஸ் ஒன் வாளைக் கொடுங்கள். வாய்ப்பு 70 ஆகிறது, சேதமும் 9.5 ஆகிறது. பெருக்கினால் 6.65. ஏறியது 5 சதவீதம் இல்லை, 20 சதவீதம். ப்ளஸ் த்ரீ வாள் என்றால் சுமார் 67 சதவீதம் ஏறும். ஒரே எண் இரண்டு இடத்தில் கூடி, பிறகு ஒன்றையொன்று பெருக்கிக்கொள்வதுதான் காரணம்.

கவசத்தில் இந்த விளைவு இன்னும் கூர்மையாகத் தெரியும். பிளேட் கவசமும் கேடயமும் சேர்ந்தால் ஆர்மர் கிளாஸ் 20. பகடையோடு 4 கூட்டித் தாக்கும் கோப்ளினுக்கு 16 விழ வேண்டும், அதாவது 25 சதவீத வாய்ப்பு. மந்திரக் கவசத்தால் ஆர்மர் கிளாஸ் 21 ஆகிவிட்டால் வாய்ப்பு 20 சதவீதம். வாங்கும் அடியில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. 23-லிருந்து 24-க்குப் போகும்போதோ 10 சதவீதம் 5 ஆகிறது. அதே ஒரு புள்ளிதான், அடி பாதியாகிவிட்டது. ஏற்கெனவே கவசம் பலமாக இருப்பவருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு புள்ளியும் முந்தையதைவிட அதிக மதிப்புள்ளது. 24-க்கு மேல்தான் கோப்ளினுக்கு எதிராகப் பயன் நிற்கிறது. பகடையில் 20 விழுந்தால் எப்படியும் அடிதான்.

"அப்போ பலமான எதிரியை இறக்கிவிட்டால் போச்சு" என்று பல டிஎம்கள் நினைக்கிறார்கள். ஆர்மர் கிளாஸ் 24 உள்ளவரைப் பாதித் தடவையாவது தொட வேண்டுமானால் எதிரி பகடையோடு 13 கூட்டித் தாக்க வேண்டும். அதே எதிரி பக்கத்தில் நிற்கும் ஆர்மர் கிளாஸ் 15 மந்திரவாதியை 95 சதவீதம் அடிப்பான். ஒருவருக்குச் சரியான சண்டை இன்னொருவருக்குச் சாவு. நம் ஊரில் பேலன்ஸ் பற்றிப் பேசும்போதெல்லாம் அரக்கனையும் வீரனையும்தான் தராசில் வைக்கிறோம். உண்மையில் அளக்க வேண்டியது ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும் ஆட்டக்காரர்களுக்கு இடையே உள்ள இடைவெளியை.

2008-இல் வந்த நான்காம் பதிப்பில் மந்திர ஆயுதங்கள் ப்ளஸ் சிக்ஸ் வரை போயின. ஆட்டக்காரரிடம் அவை இருக்கும் என்று வைத்துத்தான் அரக்கர்களின் எண்களையும் அமைத்திருந்தார்கள். ஐந்தாம் பதிப்பு அப்படி எதையும் எதிர்பார்ப்பதில்லை. கோப்ளினுக்கு ஆர்மர் கிளாஸ் 15, வளர்ந்த சிவப்பு டிராகனுக்கே 19தான். இந்த நாலு புள்ளி இடைவெளிக்குள் ஒரு ப்ளஸ் த்ரீ வாள் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்ளும் என்று பாருங்கள்.

புத்தகத்தில் பொருளுக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் அபூர்வ நிலையை மட்டும் நம்பவும் முடியாது. ப்ளஸ் டூ வாளும் ஃபிளேம் டங் என்கிற தீ வாளும் 'ரேர்', அதாவது அரிய வகைதான். மேலே சொன்ன போர்வீரனுக்கு முதலாவது சுமார் 43 சதவீதம் கூட்டும். இரண்டாவது, ஒவ்வொரு அடிக்கும் இரண்டு ஆறு முகப் பகடை அளவு நெருப்பைச் சேர்ப்பதால், 82 சதவீதம் கூட்டும். ஆனால் சிவப்பு டிராகனை நெருப்பு ஒன்றும் செய்யாது. அங்கே தீ வாள் வெறும் வாளாகிவிடும், ப்ளஸ் டூ மட்டும் தன் வேலையைச் செய்யும். எனவே கதையில் யார் எதிரி என்று தெரியாமல் எந்த வாளுக்கும் மதிப்புப் போட முடியாது.

இன்னொரு வகைப் பொருளுக்கு எண்ணே கிடையாது. பழவேற்காட்டு ஏரியில் கதை நடக்கிறது, நடுத்தீவில் டச்சுக்காரர் விட்டுப்போன பெட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். படகுக்காரரிடம் பேரம், இரவில் கடக்கும் பயம், சேற்றில் ஒளிந்திருக்கும் பிராணி என்று இரண்டு மணி நேர ஆட்டம் தயார். ஒருவரிடம் பறக்கும் துடைப்பம் இருந்தால் அத்தனையும் ஒரு வரியில் முடிந்துவிடும்: "நான் பறந்து போய் எடுத்துட்டு வரேன்." அந்தத் துடைப்பம் புத்தகத்தில் 'அன்காமன்', அதாவது ரேருக்கு ஒரு படி கீழே, ப்ளஸ் ஒன் வாளின் அதே படி! இதை நான் ஏற்கவே மாட்டேன். சண்டையில் எத்தனை அடி கூடுகிறது என்பதோடு, எத்தனை காட்சிகள் காணாமல் போகும் என்றும் டிஎம் கணக்குப் பார்த்தாக வேண்டும்.

இதற்கெல்லாம் பிரேக் போடும் விதிகளில் எனக்கு மிகப் பிடித்தது அட்யூன்மென்ட். சக்திவாய்ந்த பல பொருட்களை உடம்போடு இணைத்தால்தான் வேலை செய்யும், ஒருவர் மூன்றுக்கு மேல் இணைக்க முடியாது. நாலாவது கிடைத்தால் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்கத் தோன்றும். மேலே சொன்ன இடைவெளி அதிலேயே கொஞ்சம் சுருங்கிவிடும். ஆனால் ப்ளஸ் ஒன் வாள், கவசம், பறக்கும் துடைப்பம் எதற்குமே அட்யூன்மென்ட் தேவையில்லை, அங்கே டிஎம்தான் கையை இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

சார்ஜ் முறையும் அருமையானது. மாய அம்புகளை எய்யும் மேஜிக் மிசைல் கோலில் ஏழு சார்ஜ், அதாவது பயன்படுத்தப் பயன்படுத்தக் குறையும் சக்தி. ஒன்றைச் செலவழித்தால் சராசரியாக 10.5 சேதம், குறி தப்பாது. விடிந்ததும் ஆறு முகப் பகடையில் விழுவதோடு ஒன்றைக் கூட்டி அத்தனை சார்ஜ் திரும்ப வரும். கடைசிச் சார்ஜையும் இழுத்துவிட்டால் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும், 1 விழுந்தால் கோல் பொடிப்பொடியாகிவிடும். அதனால் ஆட்டக்காரர் ஒவ்வொரு முறையும் யோசித்துத்தான் கோலை நீட்டுவார். புதிதாக மொட்டை மாடியில் பாய் விரித்து ஆட்டம் தொடங்கும் டிஎம்முக்கு முதல் பரிசாகக் கொடுக்க இதைத்தான் சொல்வேன். அதையும் கவசம் போட்ட வீரனுக்குக் கொடுக்காமல், ஆர்மர் கிளாஸ் 15-ஓடு பின்வரிசையில் நிற்கும் மந்திரவாதிக்குக் கொடுங்கள்.