அட்டன்பரோக்கள் எல்லாம் பங்காளிகளா?

‘காந்தி’ படத்தை எடுத்த ரிச்சர்ட் அட்டன்பரோவும், காட்டுயிர் ஆவணப்படங்களில் அந்தக் கரகரத்த குரலில் பேசும் டேவிட் அட்டன்பரோவும் கூடப்பிறந்தவர்கள் என்று ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் எழுதியிருந்தேன். வாசகர் ஒருவர் விடவில்லை. “இங்கிலாந்தில் அட்டன்பரோ என்று பெயர் இருப்பவர்கள் எல்லோரும் சொந்தக்காரர்கள்தானா, இல்லை நம்மூரில் முருகன் என்று பெயர் வைப்பதுபோலவா?” என்று கேட்டு எழுதினார்.

முருகன் மாதிரிதான் என்று பதில் எழுத உட்கார்ந்தேன். ஸ்மித் என்ற பெயரில் பிரிட்டனில் ஐந்து லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். ஸ்மித் என்றால் கொல்லர். ஊருக்கு ஊர் கொல்லுப்பட்டறை இருந்தது, ஊருக்கு ஊர் ஒரு ஸ்மித் குடும்பம் கிளம்பியது. அவர்களுக்குள் என்ன உறவு இருக்க முடியும்? ஆனால் அட்டன்பரோ அப்படி இல்லை. தேடிப் படித்தபோது, நான் எழுத இருந்த பதில் தலைகீழ் என்று தெரிந்தது.

முதலில் பெயரைப் பார்த்துவிடலாம். நாட்டிங்காம் நகருக்குத் தென்மேற்கே, ட்ரெண்ட் ஆற்றங்கரையில் அட்டன்பரோ என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அந்த ஊரிலிருந்து வந்த பெயர்தான் இது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அட்டன்பரோவிலேயே இருந்தவனை யாரும் அட்டன்பரோக்காரன் என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள். மதுரையில் யாரையாவது மதுரைக்காரர் என்கிறோமா? திருப்பூருக்கோ சென்னைக்கோ போன பிறகுதானே அந்தப் பெயர் ஒட்டிக்கொள்கிறது. ஊர்ப்பெயரைக் குடும்பப்பெயராகக் கொண்டவன், ஊரை விட்டுக் கிளம்பியவன். ஆனால் ரொம்ப தூரம் போனவனும் அல்ல. அந்தச் சிற்றூரின் பெயரைக் கேட்டால் “ஓ, அங்கேயா!” என்று சொல்லக்கூடிய ஆட்கள் சுற்றி இருக்க வேண்டுமே. அதனால்தான் நாட்டிங்காம்ஷயரும் அதை ஒட்டிய டர்பிஷயரும் இன்றுவரை இந்தப் பெயரின் கோட்டை.

இங்கிலாந்தில் இப்படிப் பெயர்கள் பரம்பரையாக மாறியது 1066இல் நார்மன்கள் வந்த பிறகு. முதலில் பிரபுக்கள், பிறகு ஊர்மக்கள் என்று மெல்லப் பரவி, 1400 வாக்கில் பெரும்பாலான குடும்பங்களுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. அதற்கு முன்பு அவர்களும் நம்மைப் போலத்தான்: அப்பா பெயரைச் சேர்த்து அடையாளம் சொல்வார்கள், அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும், நம் இனிஷியல் மாறுவதுபோல. ஆக, அட்டன்பரோ என்ற பெயருக்குச் சுமார் 700 வயது. தலைமுறைக்கு 30, 35 வருடம் என்று வைத்தால் இருபது தலைமுறை.

இப்போது ஆய்வுக்கு வருகிறேன். லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங், மார்க் ஜாப்லிங் என்ற இரு மரபியலாளர்கள், ஒரே குடும்பப்பெயர் கொண்ட ஆண்களின் ஒய் குரோமோசோமை ஒப்பிட்டு 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 40 குடும்பப்பெயர்கள், 1,678 ஆண்கள். ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும், பள்ளியில் படித்ததுதான். ஆங்கிலேயக் குடும்பப்பெயரும் அதே வழியில்தான் போகிறது. ஒரே மஞ்சப்பையில் போட்டு அப்பன் மகனிடம் கொடுத்த இரண்டு சாமான்கள் மாதிரி. பெயர் ஒன்றாக இருந்தால் குரோமோசோமும் ஒன்றாக இருக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

ஒய் குரோமோசோமில் சில இடங்களில் ஒரு சின்ன எழுத்துத் தொடர் திக்குவாய்போலத் திரும்பத் திரும்ப வரும். ஒருவருக்கு 13 முறை, இன்னொருவருக்கு 15 முறை. இந்த எண்ணிக்கை அபூர்வமாகத்தான் ஒன்று கூடும், ஒன்று குறையும். இப்படிப் பல இடங்களில் எண்ணி வரிசையாக எழுதினால் ஒரு தொலைபேசி எண் மாதிரி கிடைக்கும். இருவர் எண்ணும் ஒன்று, அல்லது ஓரிரு இலக்கம் மட்டும் வேறு என்றால், சில நூற்றாண்டுகளுக்குள் இருவருக்கும் பொதுவான பாட்டன் ஒருவன் இருந்தான் என்று அர்த்தம்.

ஸ்மித்களின் எண்கள் சந்தையில் நிற்கும் யாரோ பத்துப் பேரின் எண்களைப் போலச் சிதறிக் கிடந்தன. அட்டன்பரோ, ஸ்விண்டில்ஹர்ஸ்ட் போன்ற அரிய பெயர்களில் 70 சதவீதத்துக்கு மேலானவர்கள் ஒரே எண்ணையோ, அதற்கு மிக நெருக்கமான எண்ணையோ வைத்திருந்தார்கள். நம் பாஷையில் சொன்னால் பங்காளிகள். ஆங்கிலப் பேச்சுவழக்கில் இதற்கு ஒற்றைச் சொல் கிடையாது. “ஆண்வழி உறவினர்” என்று சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டும்.

சரி, ஏன் அரிய பெயர்களில் மட்டும் இப்படி? ஒரே ஆளிடமிருந்து தொடங்கிய பெயர், அதனால் அரிது என்று சட்டென்று சொல்லிவிடலாம். பாதி பதில்தான் அது. ஒரு பெயரை ஆரம்பத்தில் ஐந்தாறு பேர் தனித்தனியாகச் சூடியிருந்தாலும், எழுநூறு வருடத்தில் அதில் ஒருவனுடைய வம்சம் மட்டுமே மிஞ்சுவது வெகு சாதாரணம். இது எப்படி நடக்கிறது என்று பார்ப்பதற்குத்தான் இந்தக் கட்டுரையே எழுதுகிறேன்.

தாயம் ஆடியவர்களுக்குப் புளியங்கொட்டையை ஒருபக்கம் தரையில் தேய்த்து வெள்ளையாக்கத் தெரிந்திருக்கும். தேய்த்த கொட்டை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் 20 பெயர்கள் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரே ஒரு ஆண். அவனுக்காக இரண்டு கொட்டையையும் போடுங்கள். எத்தனை வெள்ளை விழுகிறதோ அத்தனை மகன்கள். இரண்டும் கறுப்பு என்றால் மகன் இல்லை, அந்தப் பெயர் அங்கேயே முடிந்தது. (மகள்கள் இருக்கலாம். இங்கிலாந்துக் கணக்கில் மகள் கல்யாணமானதும் புருஷன் பெயருக்குப் போய்விடுவாள்.) இப்படி ஒவ்வொரு மகனுக்கும் மறுபடி போட்டுக்கொண்டே போக வேண்டும்.

சராசரியாக ஆளுக்கு ஒரு மகன். அதனால் மொத்த ஆண்களின் எண்ணிக்கை கூடவும் கூடாது, குறையவும் குறையாது, இருபதைச் சுற்றியே நிற்கும். பெயர்கள்? முதல் ஆட்டத்திலேயே நாலில் ஒன்று போய்விடும், அதாவது ஐந்து பெயர். அக்கா மகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஆடிப் பார்த்தேன். ஐந்து தலைமுறை முடிந்தபோது 20 பெயரில் 9 மிஞ்சியது. கணக்குப்படி 8 இருக்க வேண்டும். நான் தேய்த்த கொட்டையில் வெள்ளை கொஞ்சம் கூடுதலாக விழுந்திருக்கலாம். அவள் தனக்கென்று எடுத்துக்கொண்ட பெயர் இரண்டாவது தலைமுறையிலேயே மூன்று ஆட்களோடு முன்னால் நின்றது, நாலாவதில் சுத்தமாகத் துடைத்துப் போனது. “நான் என்ன தப்பு பண்ணேன்?” என்று கேட்டாள். ஒன்றும் பண்ணவில்லை. அந்தப் பெயரில் குறை எதுவும் இல்லை, பஞ்சமில்லை, போரில்லை. கொட்டை அப்படி விழுந்தது, அவ்வளவுதான்.

நூறு பெயரோடு தொடங்கி இருபது தலைமுறை போனால் ஏறக்குறைய 15 பெயர்தான் நிற்கும். நிஜக் குடும்பங்களில் ஒரு வீட்டில் ஆறு மகன், அடுத்த வீட்டில் ஒருவரும் இல்லை என்று ஏற்ற இறக்கம் இன்னும் அதிகம். அதற்கு ஏற்ப மகன்களின் எண்ணிக்கையைச் சற்று அகலமாகப் பரவவிட்டுக் கணக்குப் போட்டால் நூறில் 9 கூட முழுதாக மிஞ்சாது. ஆனால் ஆண்கள் இன்னும் நூறு பேர்தான்! அப்படியானால் மிஞ்சிய ஒவ்வொரு பெயருக்கும் சராசரியாகப் பதினொரு பேர், அந்தப் பதினொருவரும் ஒரே கிழவனின் வாரிசுகள். யாரும் யாரையும் அழிக்காமல், சும்மா காலம் போனதிலேயே, ஊரில் பாதிப் பேர் பங்காளிகளாகிவிடுகிறார்கள். 1348இல் பிளேக் வந்து சில வருடங்களில் இங்கிலாந்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மக்களைக் கொண்டுபோனதை இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர்கள் அப்போதுதான் வேர்பிடித்துக்கொண்டிருந்தன.

ஸ்மித் மட்டும் ஏன் தப்பித்தது? அது ஆயிரக்கணக்கான கொட்டைகளோடு ஆட்டத்துக்கு வந்தது. அதில் பெரும்பகுதி செத்தாலும் நூற்றுக்கணக்கான கிளைகள் நிற்கும், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல்.

இந்த விளையாட்டுக்குக் கணிதத்தில் கால்டன்-வாட்சன் முறை என்று பெயர். பிரிட்டிஷ் பிரபுக் குடும்பங்களின் பெயர்கள் ஏன் மறைந்துகொண்டே போகின்றன என்று 1873இல் ஒரு கல்வி இதழில் பிரான்சிஸ் கால்டன் கேள்வி போட்டார். இனமேம்பாடு என்று பின்னாளில் பெரும் அநியாயங்களுக்கு விதை போட்ட அதே கால்டன்தான். அவர் மேல் எனக்கு மரியாதை கிடையாது, கேள்வி மேல் உண்டு. ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் விடை எழுதினார், 1874இல் இருவரும் சேர்ந்து வெளியிட்டார்கள். வழிமுறை அழகு, முடிவு தப்பு. மக்கள்தொகை பெருகினாலும் எல்லாப் பெயரும் கடைசியில் அழிந்தே தீரும் என்று எழுதிவிட்டார் வாட்சன். அவர் போட்ட சமன்பாட்டுக்கு இரண்டு விடை உண்டு. ஒன்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றைப் பார்க்காமல் விட்டார். ஆளுக்குச் சராசரி ஒரு மகனுக்கு மேல் என்றால் தப்பிக்க வழி உண்டு. முதல் சில தலைமுறைகளில்தான் கண்டம், அதைத் தாண்டிய பெயர் பெருகிவிடும்.

பிரபுக்களின் பெயரைப் பற்றிய இந்த வெட்டிக் கேள்வி அப்புறம் எங்கெல்லாம் போனது தெரியுமா? 1927இல் உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் — பின்னாளில் இந்தியாவில் குடியேறி புவனேஸ்வரில் இறந்தவர் — ஒரு புது மரபணு மாற்றம் பிழைக்குமா அழியுமா என்பதை இதே முறையில் கணக்கிட்டார். 1940களில் அமெரிக்கா அணுகுண்டு செய்த லாஸ் அலமோஸில் அணுப்பிளவின் நியூட்ரான்களுக்கு இதே கணக்கைப் போட்டார்கள்: ஒரு நியூட்ரானுக்கு எத்தனை ‘மகன்கள்’? கொரோனா நாட்களில் ஒருவர் எத்தனை பேருக்குத் தொற்றைக் கொடுக்கிறார், அது ஒன்றுக்கு மேலா கீழா என்று தினமும் பேசினோமே, அதுவும் இதே புளியங்கொட்டைதான். “இந்த ஆய்வால் நாட்டுக்கு என்ன பயன்?” என்று விண்ணப்பத்தில் இரண்டு வரிக்குக் கட்டம் போட்டு வைத்திருக்கும் நிதிக்குழுக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கல்வி இதழ் ஞாபகம் வரும். கால்டனும் வாட்சனும் அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருப்பார்கள்?

அட்டன்பரோக்களுக்குத் திரும்புவோம். 70 சதவீதம் போக மீதி? பத்திரிகைகள் இந்த இடத்தில்தான் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தன. ஆய்வாளர்களே கட்டுரைத் தலைப்பில் ‘துரோகம்’ என்ற பொருளில் ஒரு சொல்லை வைத்திருந்தார்கள், கேட்கவா வேண்டும். தலைமுறைக்கு நூற்றில் ஒருவருக்கு மட்டும் பெயரும் குரோமோசோமும் பிரிகிறது என்று வைத்தாலே, இருபது தலைமுறையில் 18 பேர் விலகியிருப்பார்கள். இரண்டு என்றால் 33 பேர். லெஸ்டர் குழுவின் மதிப்பீடு தலைமுறைக்கு 1 முதல் 4.5 சதவீதத்துக்குள். அதிலும் கள்ளத்தொடர்பு மட்டும் இல்லை: தத்துப்பிள்ளைகள், அம்மா பெயரை எடுத்தவர்கள், மாமனார் சொத்துக்காகப் பெயர் மாற்றிய மருமகன்கள் எல்லோரும் இதில் அடக்கம். ஊரில் பத்தில் ஒருவர், மூன்றில் ஒருவர் என்று டீக்கடையில் அடித்துவிடும் எண்களோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

ராஜ வம்சத்துக்கும் இது நேர்ந்திருக்கிறது. 2012இல் லெஸ்டரில் ஒரு கார் நிறுத்துமிடத்தின் அடியில் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூடு கிடைத்தது. அதன் டி.என்.ஏ.வை ஆராய்ந்ததும் இதே டூரி கிங்தான். தாய்வழி டி.என்.ஏ. நம் காலத்து உறவினர் ஒருவரோடு அச்சாகவும், இன்னொருவரோடு ஓர் எழுத்து வித்தியாசத்திலும் பொருந்தியது. ஏட்டின்படி ஆண்வழிப் பங்காளிகளான ஐந்து பேரின் ஒய் குரோமோசோம் பொருந்தவில்லை. ஐவரில் ஒருவர் மற்ற நால்வரோடும் ஒட்டவில்லை!

எனக்கு இதையெல்லாம்விடப் பிடித்தது யார்க்‌ஷயர் கதை. அங்கே ஓர் அரிய குடும்பப்பெயர். ஆய்வுக்கட்டுரையில் பெயரை மறைத்திருந்தார்கள், நானும் விட்டுவிடுகிறேன். அந்தப் பெயர் கொண்ட 18 ஆண்களைச் சோதித்ததில் 7 பேரிடம் மேற்கு ஆப்பிரிக்காவில், அதுவும் மிக அபூர்வமாகக் காணப்படும் ஒய் வகை இருந்தது. பார்த்தால் எல்லோரும் வெள்ளைக்காரர்கள். ஏடுகளைப் புரட்டியதில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி யார்க்‌ஷயர்வரை போக முடிந்தது, அப்போதே அவர்கள் ஊரோடு கலந்துவிட்ட குடும்பங்கள். அதற்கு முன்பு எப்போதோ ஓர் ஆப்பிரிக்கர் வந்திருக்கிறார், ரோமானியப் படையோடோ, அடிமை வணிகத்தின் வழியாகவோ. தலைமுறைக்கு ஒரு பாதியாகக் கரைந்து அவருடைய தோல் நிறம் போய்விட்டது. கலக்காமல் போகும் ஒய் மட்டும் அப்படியே நின்றது. 2007இல் இது வெளியானது. ரத்தத்தூய்மை பேசுகிறவர்கள், எந்த நாட்டில் இருந்தாலும் சரி, இதைப் படிக்கலாம்.

படிக்க மாட்டார்கள், கோப்பை வாங்குவார்கள். இங்கிலாந்தில் சுற்றுலாக் கடைகளில் குடும்பப்பெயர் வாரியாகக் குலச்சின்னம் அச்சடித்த காபிக் கோப்பைகள் விற்கின்றன. அந்த நாட்டுச் சட்டப்படி சின்னம் ஒரு தனி ஆளுக்கும் அவருடைய வாரிசுகளுக்கும்தான், ஒரு பெயருக்கு என்று சின்னமே கிடையாது. ஐந்து லட்சம் ஸ்மித்களும் சின்னம் அச்சடித்த கோப்பையில் குடிக்கிறார்கள். பெயருக்கு எண் கூட்டி எழுத்தைக் கூட்டிக் குறைக்கும் நம் ஊர் வியாபாரத்துக்கு இது ஒன்றுவிட்ட அண்ணன்.

வாசகருக்குப் பதில்: ஆமாம், தெருவில் பார்க்கும் இரண்டு அட்டன்பரோக்கள் பங்காளிகளாக இருக்கவே வாய்ப்பு அதிகம், இருபது தலைமுறை விட்டுப்போன பங்காளிகள். துக்கம், தீட்டு எதுவும் கிடையாது. அந்த ஆற்றங்கரை ஊரில் 1929 முதல் சரளைக்கல் தோண்டித் தோண்டிப் பெரும் பள்ளங்கள் விழுந்தன. தண்ணீர் நிரம்பி ஏரிகளாயின, பறவைகள் வந்தன. 1966இல் அதை இயற்கைக் காப்பிடமாக அறிவித்தபோது திறந்து வைக்க ஒருவரைக் கூப்பிட்டார்கள். டேவிட் அட்டன்பரோவைத்தான். எழுநூறு வருடம் கழித்துச் சொந்த ஊருக்கு வந்தவர் என்று யாராவது அன்று மாலை போட்டிருக்கலாம்.