கெட்டது ஒரு கெப்பாசிட்டர், மாற்றுவது மொத்தப் பெட்டி

ஓடிக்கொண்டிருந்த கார் நின்றுவிடுகிறது. "ஈசிஎம் போயிடுச்சு சார், புதுசுதான் போடணும்" என்கிறார்கள் சர்வீஸ் சென்டரில். எஸ்டிமேட் சில பத்தாயிரங்களில் தொடங்குகிறது. சொகுசுக் காராக இருந்தால் லட்சத்தைத் தாண்டுகிறது. அந்தப் பெட்டிக்குள் உண்மையில் கெட்டுப்போனது, எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் ஓர் உதிரியாக இருக்கலாம். சரி, மிச்சப் பணம் எதற்கு?

முதலில் அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். ஈசிஎம் என்பது இன்ஜினை நடத்தும் சிறு கணினி. உள்ளே போகும் காற்றின் அழுத்தம், த்ராட்டில் திறந்திருக்கும் அளவு, கூலன்ட்டின் சூடு, கிராங்க் நிற்கும் கோணம், புகையில் மிஞ்சிய ஆக்சிஜன் ஆகியவற்றைச் சென்சார்கள் சொல்லச் சொல்ல, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை எத்தனை மில்லிசெகண்ட் திறப்பது என்று இது கணக்குப் போடுகிறது. வண்டி ஐடிலிங்கில் நிற்கும்போது அது இரண்டு, மூன்று மில்லிசெகண்ட்தான். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகை மாசு விதி வந்தபோது பைக்குகளும் ஸ்கூட்டர்களும் பெரும்பாலும் இந்த வழிக்கு மாறிவிட்டன. கார்பரேட்டரைக் கழற்றி, ஜெட்டை ஊதி மாட்டிய மெக்கானிக்குக்கு இன்று அந்தக் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். காரில் இன்ஜினுக்கு மட்டுமல்ல, ஏபிஎஸ், ஏர்பேக், பவர் ஸ்டியரிங், ஏசி, கதவுகள் என ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்டி.

இந்தப் பெட்டிகளுக்கு முதல் எதிரி சூடு. அலுமினிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்குள் ஈரமான வேதிக்கரைசல் இருக்கும். அது மெல்ல மெல்ல ஆவியாகி, ஒருநாள் கெப்பாசிட்டர் மின்னழுத்தத்தைச் சீராகப் பிடித்து வைக்க முடியாமல் போகும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் இதன் ஆயுள் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெட்டியின் கதியை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம். அடுத்தது சால்டரிங். போர்டும் அதன் மேல் உள்ள சிப்பும் ஒரே அளவில் விரிவதில்லை, சுருங்குவதும் இல்லை. ஆயிரக்கணக்கான முறை சூடாகி ஆறியபின், இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஈயப்பற்றில் மயிரிழை விரிசல் விழுகிறது. காலையில் ஸ்டார்ட் ஆகும் வண்டி, சூடானதும் நின்று, ஆறியதும் மறுபடி கிளம்பினால் இதையும் சந்தேகிக்க வேண்டும்.

மூன்றாவது, இன்ஜெக்டரையும் இக்னிஷன் காயிலையும் இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டர். காயில் ஷார்ட் ஆனால் அளவுக்கு மீறிய கரன்ட் பாய்ந்து இது கருகும். காயிலைக் கவனிக்காமல் பெட்டியை மட்டும் மாற்றினால் புதுப் பெட்டியும் அதே இடத்தில் கருகக்கூடும். ஒரே வண்டிக்கு இரண்டு ஈசிஎம் வாங்கிய கதைகளின் பின்னால் பல நேரம் இதுதான் இருக்கிறது.

அந்த ஒரு டிரான்சிஸ்டரை மட்டும் மாற்றக்கூடாதா என்றால், மாற்றலாம்; ஆனால் எளிதல்ல. தண்ணீரும் அதிர்வும் தாங்க வேண்டும் என்பதற்காகப் போர்டின் மேல் பூச்சு அடித்திருப்பார்கள். சிலவற்றில் சிலிக்கோன் ஜெல்லையோ எபாக்ஸியையோ முழுதாக ஊற்றி மூடியிருப்பார்கள். சுரண்டி எடுக்கும்போதே பக்கத்துச் சிப்பின் கால் உடையலாம். சர்க்யூட் வரைபடம் வெளியில் கிடைக்காது. கம்பெனி சர்வீஸ் சென்டருக்கோ, செய்த வேலைக்கு வாரன்டி தர வேண்டிய கட்டாயம். அதனால் அங்கே சால்டரிங் இரும்பையே தொட மாட்டார்கள். பெட்டியாக எடு, பெட்டியாக மாட்டு. அதுதான் முறை.

சரி, சென்னையில் பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போய் அதே மாடலின் பழைய ஈசிஎம் ஒன்றை வாங்கி மாட்டினால்? ஸ்டார்ட்டர் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. காரணம் இம்மொபிலைசர். சாவியின் தலைக்குள் ஒரு சிப் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் வண்டி அதற்கு ஓர் எண்ணை அனுப்பும். தனக்குள் இருக்கும் ரகசியக் குறியீட்டைக் கொண்டு சிப் விடை சொல்ல வேண்டும். விடை சரியாக இருந்தால்தான் இன்ஜெக்டருக்கு உத்தரவு போகும். பழைய பெட்டிக்குத் தெரிந்தது பழைய வண்டியின் சாவி மட்டும்தான். ஈசிஎம் ரிப்பேர் செய்யும் தனிக் கடைக்காரர்கள், கெட்ட பெட்டியில் உள்ள சின்ன மெமரி சிப்பைப் படித்து, அதில் இருப்பதை மாற்றுப் பெட்டியில் அப்படியே எழுதிவிடுகிறார்கள். கைதேர்ந்தவரிடம் போனால் புதுப் பெட்டியின் விலையில் ஒரு பகுதியோடு வேலை முடியும். கார்த் திருட்டைத் தடுக்க இந்தப் பூட்டு அவசியம்தான், மறுக்கவில்லை. ஆனால் திருடனைத் தடுக்கும் அதே பூட்டு வெளி மெக்கானிக்கையும் சேர்த்துத் தடுக்கிறது. அதில் கம்பெனிகளுக்குப் பெரிய வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் பெட்டி நிஜமாகவே கெட்டிருந்தால். பல நேரம் அது கெடுவதே இல்லை. என்னைக் கேட்டால், வண்டி எலக்ட்ரானிக்ஸில் அதிகப் பணம் வீணாவது பெட்டியின் விலையால் அல்ல, பழுதைத் தவறாகக் கண்டுபிடிப்பதால்தான்.

ஸ்கேனர் ஒரு கோடு (code), அதாவது பழுதுக் குறியீட்டு எண், காட்டும். அந்தக் கோடு சொல்வது கோளாறு எங்கே தெரிந்தது என்பதை. எங்கே பிறந்தது என்பதை அல்ல. பி0171 என்று வந்தால், இன்ஜினுக்குள் காற்றோடு சேரும் பெட்ரோல் குறைவாக இருக்கிறது என்று பொருள். அதைக் கண்டு சொல்லும் ஆக்சிஜன் சென்சாரையே கழற்றிப் போடும் கடைகள் உண்டு. காற்று உறிஞ்சும் குழாயில் ஒரு வெடிப்பு, அழுக்கேறிய காற்றளவு சென்சார், சோர்ந்துபோன பெட்ரோல் பம்ப் என எது இருந்தாலும் இதே கோடுதான் வரும்.

இன்னொன்று. பல சென்சார்களுக்கு ஈசிஎம் ஒரே 5 வோல்ட் லைனைப் பகிர்ந்து கொடுக்கிறது. அவற்றில் ஏதோ ஒன்று உள்ளே ஷார்ட் ஆகி எர்த்தைத் தொட்டால் லைன் முழுவதும் விழுந்துவிடும். கீழ்வீட்டில் குழாயைத் திறந்து போட்டுவிட்டுப் போனால் மாடியில் தண்ணீர் ஏறாதே, அதுபோல. ஸ்கேனரில் நாலைந்து கோடுகள் ஒன்றாக எரியும், பார்ப்பவர் ஈசிஎம் மேல் பழியைப் போடுவார். தெரிந்த மெக்கானிக் மீட்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சென்சாராகக் கப்ளரை, அதாவது வயரைச் சேர்க்கும் இணைப்பியை, கழற்றுவார். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் குற்றவாளி.

பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும் வழியிலும் இதே கதை. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய கேன் பஸ் என்பது, ஒன்றையொன்று முறுக்கிய இரண்டு வயர்கள். சும்மா இருக்கும்போது இரண்டிலும் 2.5 வோல்ட். செய்தி போகும்போது ஒன்று 3.5க்கு ஏறும், மற்றது 1.5க்கு இறங்கும். கேட்கும் பெட்டி பார்ப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டு வயரையும் ஒரே அளவில் தாக்குவதால் கழித்துப் பார்க்கும்போது காணாமல் போகும். வயரின் இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனர் மாட்டும் 16 பின் சாக்கெட்டில் 6ஆம் பின்னுக்கும் 14ஆம் பின்னுக்கும் இடையே மீட்டரை வைத்தால் பெரும்பாலான கார்களில் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் எங்கோ வயர் அறுந்திருக்கிறது அல்லது ஒரு முனை ரெசிஸ்டர் போயிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு வயரும் உரசி நிற்கின்றன. 'ஈசிஎம்முடன் தொடர்பில்லை' என்ற யு0100 கோடு வந்து, பெட்டியை மாற்றச் சொன்ன வண்டியில் கடைசியில் எலி கடித்த வயர் கிடைப்பதும் நடக்கிறது. எலிக்கு ஸ்கேனரில் கோடு இல்லை.

இந்தத் தேடலுக்கு அரை நாள் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். "வெறும் வயரை ஒட்டினதுக்கு மூவாயிரமா?" என்று நாம் சண்டை போடுகிறோம், பெட்டியை மாற்றி முப்பதாயிரம் பில் போட்டால் பேசாமல் கட்டுகிறோம். மெக்கானிக் எந்தப் பக்கம் சாய்வார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

புதுக் கார்களில் கண்ணாடி மாற்றுவதற்கும் செலவு கூடிவிட்டது. தானாக பிரேக் போடும், லேனைக் கவனிக்கும் கார்களில் முன்கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருக்கிறது. அது ஒரே ஒரு டிகிரி திரும்பியிருந்தால் 100 மீட்டர் தூரத்தில் பார்வை 1.75 மீட்டர் விலகும், அதாவது பாதி லேன். அதனால் கண்ணாடி மாற்றியபின், அளந்து வைத்த குறிப்பலகை முன்னால் நிறுத்தியோ சாலையில் ஓட்டியோ கேலிப்ரேஷன் செய்ய வேண்டும். அதற்குத் தனி பில்.

கம்பெனிகள் உதிரிபாகத்தையும் ஸ்கேனர் சாஃப்ட்வேரையும் தங்கள் டீலர்களுக்குள்ளேயே வைத்துக்கொள்கின்றன என்ற புகாரில், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. இரண்டையும் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் உத்தரவிட்டது. விவகாரம் மேல்முறையீட்டுக்குப் போனது.

கடைசியாக, வெள்ளம். சென்னைக்காரர்கள் 2015லும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் பார்த்தது. தண்ணீரில் நின்ற வண்டியில் முதலில் பேட்டரி வயரைக் கழற்ற வேண்டும், சாவியைத் திருப்பவே கூடாது. ஸ்டார்ட் செய்தால் சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். இன்ஜின் பாதுகாப்புக்குத் தனி கவர் எடுத்திராவிட்டால் இந்தச் செலவை இன்சூரன்ஸ் பொதுவாக ஏற்காது. பேட்டரி இணைப்பில் இருந்தால், சாக்கடை கலந்த தண்ணீரில் 12 வோல்ட் பாய்ந்து மின்பகுப்பு நடந்து, கப்ளருக்குள் செம்பை அரிக்கும். கப்ளர்களை எல்லாம் திறந்து, கான்டாக்ட் கிளீனர் அடித்துக் காய வைக்காவிட்டால், பச்சை பூத்து, மூன்று நான்கு மாதம் கழித்து ஏர்பேக் விளக்கோ ஏபிஎஸ் விளக்கோ எரியத் தொடங்கும். அதற்குள் கிளெய்ம் ஃபைலை மூடியிருப்பார்கள்.