தோண்டோ: அந்தத் திருக்குடும்பம் ஏன் வட்டத்துக்குள் இருக்கிறது?

மறுமலர்ச்சிக் கால ஓவியங்களைப் பற்றிப் படித்தால் 'தோண்டோ' என்ற சொல் அடிக்கடி எதிர்ப்படும், யாரோ ஓவியரின் பெயர் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். உண்மையில் வட்ட வடிவ ஓவியத்தையோ புடைப்புச் சிற்பத்தையோதான் அப்படிச் சொல்கிறார்கள். இத்தாலியத்தில் 'ரொத்தோண்டோ' என்றால் வட்டமானது. அதன் முதல் எழுத்து உதிர்ந்து தோண்டோ ஆனது. இன்னும் பின்னால் போனால் லத்தீன் 'ரோட்டா', அதாவது சக்கரம்.

வட்டமாக இருப்பதெல்லாம் தோண்டோ ஆகிவிடாது, சுவரில் மாட்டுகிற அளவுக்காவது பெரிதாக இருக்க வேண்டும். 15ஆம் நூற்றாண்டு புளோரன்ஸில் பிள்ளை பெற்றவளுக்குப் படம் தீட்டிய மரத்தட்டு கொடுக்கும் வழக்கம் இருந்தது. பிறகு அந்தத் தட்டைச் சுவரில் மாட்டிவைப்பார்கள். தோண்டோவுக்கு அதுவும் ஒரு முன்னோடி என்பார்கள். ஆக, பெரும்பாலும் இது தேவாலயப் பீடத்துக்கு வரைந்த படமல்ல, வீட்டுக்கு வரைந்தது.

இது தெரிந்தால்தான் மைக்கலாஞ்சலோவின் 'டோனி தோண்டோ' பிடிபடும். அக்னோலோ டோனி என்ற புளோரன்ஸ் வணிகருக்காக 1506ஐ ஒட்டி வரைந்தது, சுமார் 120 செ.மீ. விட்டம், இப்போது புளோரன்ஸின் உஃபீட்சி கலைக்கூடத்தில் இருக்கிறது. டோனி 1504இல் மதலேனா ஸ்ட்ரோட்சியை மணந்தார், 1507இல் மகள் பிறந்தாள். இதில் எதற்காக வரைந்தது என்று இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. சட்டகத்தில் ஸ்ட்ரோட்சி குடும்பத்தின் பிறைநிலாக்கள்கூட உண்டு.

படத்தில் இருப்பது திருக்குடும்பம், அதாவது குழந்தை இயேசு, தாய் மரியாள், அவள் கணவர் சூசையப்பர். மரியாள் தரையில் அமர்ந்து, உடம்பை முறுக்கி, தோளுக்கு மேலே கையை நீட்டுகிறாள். குழந்தையைச் சூசையப்பர் அவளிடம் கொடுக்கிறாரா, அவள் அவரிடம் கொடுக்கிறாளா? எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தீர்மானமாகச் சொல்ல வரவில்லை, வட்டத்துக்குள் கைகளும் முழங்கால்களும் சுற்றிக்கொண்டே போவதால் எது தொடக்கம் எது முடிவு என்று கண்ணுக்குத் தட்டுப்படுவதே இல்லை. பின்னால் ஒரு தாழ்ந்த சுவர், அதற்கப்பால் சிறுவனாகத் திருமுழுக்கு (ஞானஸ்நான) யோவான், அவனுக்கும் பின்னால் ஆடையில்லாத இளைஞர்கள். அவர்கள் கிறிஸ்துவுக்கு முந்தைய உலகம், யோவான் அவர்களுக்கும் திருக்குடும்பத்துக்கும் நடுவில் நிற்கும் பாலம் என்பது பலர் சொல்லும் விளக்கம். திருமுழுக்குக்குக் காத்திருப்பவர்கள் என்றும் சொல்வதுண்டு. யோவான் நிற்கும் இடத்தைப் பார்த்தால் எனக்கு முதல் விளக்கம்தான் பொருந்துகிறது.

அப்புறம், தமிழில் என்ன சொல்வது? 'வட்டப்படம்' என்றால் புள்ளிவிவர வரைபடம் நினைவுக்கு வந்துவிடும். 'வட்ட ஓவியம்' நல்ல சொல். ஆனால் மைக்கலாஞ்சலோ பளிங்கிலும் தோண்டோ செதுக்கியிருக்கிறார், அதை ஓவியம் என்று எப்படிச் சொல்வது? அதற்கு 'வட்டப் புடைப்புச் சிற்பம்' என்று தனியாக வைத்துக்கொள்ளலாம். டோனியின் படத்துக்குத் 'திருக்குடும்ப வட்ட ஓவியம்' போதும்.