துவைத்த டயபர் ஏன் மறுபடியும் நாறுகிறது?

துவைத்துக் காயவைத்த துணி டயபரை முகர்ந்து பார்த்தால் ஒரு வாடையும் இருக்காது. ஆனால் குழந்தை ஒருமுறை சிறுநீர் கழித்துவிட்டால், சற்று நேரத்திலேயே மூக்கைத் துளைக்கும் நெடி. என் மகளுக்கு இப்படி ஆனபோது அவளுக்கு உடம்புக்கு ஏதோ என்று பயந்துபோனேன். கோளாறு அவளிடம் இல்லை, துணிக்குள் இருந்தது.

சிறுநீரில் இருக்கும் யூரியாவுக்கு வாசனை கிடையாது. சில பாக்டீரியாக்களிடம் யூரியேஸ் என்ற நொதி உண்டு. அது யூரியாவை உடைக்கும்போது அம்மோனியா வெளிவருகிறது, நெடி அதனுடையது. சரியாக வெளுக்காத துணியில் இந்தப் பாக்டீரியாக்கள் ஏற்கெனவே குடியிருக்கும். புதுச் சிறுநீர் பட்டதும் வேலையைத் தொடங்கிவிடும். நெடியைப் பொறுத்துக்கொண்டாலும் தோல் பொறுக்காது. அம்மோனியாவால் காரத்தன்மை கூடினால், மலத்தில் இருக்கும் செரிமான நொதிகள் இன்னும் வேகமாக வேலை செய்து தோலைச் சிவக்க வைக்கும்.

சரி, துவைத்தும் அழுக்கு ஏன் தங்குகிறது? டயபர் ஒற்றைத் துணி அல்ல. ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துவைக்கவே பல அடுக்காகத் தைத்தது. அழுக்கும் அந்த அடுக்குகளுக்குள்ளேயே போய் உட்காருகிறது. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், மறு முனை எண்ணெய்ப் பசையோடு ஒட்டும். இப்படித்தான் பசையை இழையிலிருந்து பிடுங்கித் தண்ணீரில் விடுகிறது. உப்புத் தண்ணீரில் இந்த வேலை கெடுகிறது. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகி இழையில் படியும். நுரையே வராத தண்ணீரில் துவைப்பவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். சலவை சோடா கொஞ்சம் சேர்த்தால் அது கால்சியத்தைத் தனியே படியவைத்துவிடும்; சோப்பு அழுக்கைக் கவனிக்கலாம்.

குழந்தைத் துணி என்பதால் பலர் சோப்புத்தூளைச் சிட்டிகைக் கணக்கில்தான் போடுகிறார்கள். அக்கறை புரிகிறது. ஆனால் தோலுக்கு நல்லது, போதுமான அளவு போட்டு நன்றாக அலசுவதுதான்.

முதல் அலசல் குளிர்ந்த தண்ணீரில் இருக்கட்டும். மலத்தைத் தட்டிவிட்டு, சிறுநீரை வெளியேற்றுவதற்கான அலசல் இது. எடுத்தவுடன் வெந்நீர் ஊற்றினால் புரதம் இறுகிக் கறை இழையோடு பிடித்துக்கொள்ளும். அப்புறம்தான் சோப்புத்தூளோடு வெந்நீர்த் துவையல். 60 டிகிரி தாங்கும் பருத்தி என்றால் தாராளமாக அந்தச் சூட்டிலேயே. அழுக்கு டயபரை மூடிய வாளியில் நாள்கணக்கில் ஊறவைப்பது பாக்டீரியாவுக்கு விருந்து வைப்பதுதான். காற்றோட்டமான கூடையில் போட்டு, இரண்டு நாளுக்குள் துவைத்துவிடுங்கள்.

துணியை மென்மையாக்கும் கண்டிஷனர் வேண்டவே வேண்டாம். அது இழையின் மேல் மெழுகு போலப் படிந்து உறிஞ்சும் சக்தியைக் குறைக்கிறது. புதுப் பருத்தி டயபர் முதல் சில துவையல் வரை சரியாக உறிஞ்சாததும் இதே போன்ற காரணத்தால்தான்: பருத்தியின் இயற்கை மெழுகு இன்னும் போகவில்லை. இன்னொன்று, சிறுநீர் ஊறிய துணியில் குளோரின் பிளீச்சை நேராக ஊற்றாதீர்கள். அம்மோனியாவோடு சேர்ந்து நுரையீரலை எரிக்கும் குளோரமின் வாயு உண்டாகும்.

இத்தனைக்கும் பிறகு மஞ்சள் கறை மட்டும் நிற்கும். அதற்கு வெயில் இருக்கிறது. குழந்தை மலத்தின் மஞ்சளில் பிலிருபின் என்ற நிறமிக்குப் பெரிய பங்கு உண்டு. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை வரும்போது தோலில் தெரிவதும் இதே பொருள்தான். 1956-ல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸில் உள்ள ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற செவிலியர் குழந்தைகளைத் தோட்டத்து வெயிலுக்கு எடுத்துச் செல்வார். ஒரு குழந்தையின் உடம்பில் மஞ்சள் வெளிறியிருக்க, விரிப்பின் ஓரம் மூடியிருந்த முக்கோண இடம் மட்டும் அடர்மஞ்சளாகவே இருந்தது. இன்று காமாலைக்குக் கொடுக்கும் நீல ஒளிச் சிகிச்சை அங்கிருந்துதான் வளர்ந்தது. (காமாலைக் குழந்தைக்கு வீட்டு வெயிலை நம்பாமல் மருத்துவரிடம் போங்கள்.) துணியிலும் ஒளி பிலிருபினைச் சிதைத்து நிறமிழக்கச் செய்கிறது. டயபரை ஈரத்தோடே கொடியில், கறை பட்ட பக்கம் வெயிலைப் பார்க்க விரித்துப் போடுங்கள். தண்ணீர் புகாத பாலியூரித்தேன் பூச்சுள்ள மேலுறையை மட்டும் நிழலில் உலர்த்துங்கள். சூட்டில் பூச்சு வெடித்துவிடும்.