பக்கவாதம் என்று எழுதியாயிற்று, கழிவறைக்கு எப்படிப் போகிறார்?

‘வலப்பக்கப் பக்கவாதம், ஐ63’ (ஐ63 என்பது நோய்க் குறியீடு). இதே வரி இரண்டு பேருடைய டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கலாம். ஒருவர் தானே சட்டை போட்டுக்கொண்டு தெருமுனைக் கடை வரை போய் வருவார். இன்னொருவரைக் கழிவறைக்குக் கூட்டிப்போக இரண்டு ஆள் வேண்டும். நோய்க் குறியீட்டில் இந்த வித்தியாசம் தெரியாது. அதைப் பதிவு செய்யத்தான் உலக சுகாதார நிறுவனம் 2001 மே மாதம் ஏற்றுக்கொண்ட ஐசிஎஃப் என்னும் இயங்குநிலை வகைப்பாடு இருக்கிறது.

ஒவ்வொரு குறியீடும் ஓர் எழுத்தில் தொடங்கும்: பி உடலின் செயல்கள், எஸ் உறுப்பமைப்பு, டி அன்றாட வேலைகளும் பங்கேற்பும், இ சூழல். மொத்தம் 1,400-க்கு மேற்பட்ட குறியீடுகள் என்றதும் மலைக்க வேண்டாம்; பக்கவாதத்துக்கான சுருக்கப் பட்டியலில் 18 தான்.

குறியீட்டுக்குப் பின் புள்ளி வைத்து, சிக்கலின் அளவை எழுத வேண்டும். 0 சிக்கல் இல்லை, 1 லேசானது (5–24%), 2 மிதமானது (25–49%), 3 கடுமையானது (50–95%), 4 முழுமையானது. தகவல் போதாவிட்டால் 8, பொருந்தாவிட்டால் 9. பரிசோதிக்காததற்கு 0 போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அந்த 0-வைப் பார்க்கும் அடுத்த தெரபிஸ்ட் அந்தப் பக்கமே போகமாட்டார்.

டி வரிசையில் இரண்டு எண்கள் வேண்டும். முதல் எண், தன் சூழலில் அவர் உண்மையில் எப்படிச் செய்கிறார் என்பது. இரண்டாவது, எந்த உதவியும் இல்லாமல் எவ்வளவு முடியும் என்ற திறன். வீட்டில் இருப்பது குந்தி உட்காரும் கழிவறை என்றால், கழிவறைப் பயன்பாட்டுக்கு டி530.33 என்றும், தடையாக இருக்கும் கட்டட அமைப்புக்கு இ155.3 என்றும் வரலாம். கமோடு நாற்காலி போட்டு, சுவரில் கைப்பிடி பதித்த பிறகு அதே ஆளுக்கு டி530.13, உதவிச் சாதனங்களுக்கு இ1151+3. காலில் பலம் கூடவில்லை, திறன் எண் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ராத்திரியில் மகனை எழுப்ப வேண்டியதில்லை. ஒரே எண்ணை எழுதியிருந்தால் இந்த மாற்றம் எதனால் வந்தது என்று யாருக்கும் தெரியாது.

தலைகீழாகவும் நடக்கும். இடக்கையால் சாப்பிட முடிகிறவருக்கு, சிந்திவிடுவார் என்று வீட்டில் ஊட்டிவிடுவார்கள்: சாப்பிடுவதற்கான குறியீடு டி550.31. இங்கே பயிற்சி தர வேண்டியது நோயாளிக்கு அல்ல, குடும்பத்துக்கு. அவர்களுடைய மனப்பாங்குக்கான குறியீடு இ410. அன்பால் செய்வதுதான், ஆனாலும் தடை தடையே. இ வரிசையில் வெறும் புள்ளி வைத்தால் தடை, கூட்டல் குறி போட்டால் உதவி. அவசரத்தில் கூட்டலை விட்டுவிட்டால் கைத்தடியே இடைஞ்சல் என்று பதிவாகிவிடும்.

வீட்டில் எப்படிச் செய்கிறார் என்பதைக் கூட இருப்பவரிடம் கேட்டு எழுதலாம்; திறனை எதிரில் செய்யவைத்துத்தான் பார்க்க வேண்டும். வார்டில் உயரமான கமோடும் கைப்பிடியும் இருக்கும், வீட்டில் இருக்காது. அதனால் தேதியோடு ‘வார்டில்’, ‘வீட்டில்’ என்றும் குறிக்கவும்.

இன்னொன்று. இந்தச் சதவீதம் வேறு, மாற்றுத்திறனாளி சான்றிதழில் வரும் சதவீதம் வேறு. நடப்பதற்கான டி450-க்கு 3 இருக்கிறதே, சான்றிதழில் 40 சதவீதம் கிடைத்துவிடும் என்று குடும்பத்தாரிடம் சொல்லி அனுப்பாதீர்கள். அதற்கான மதிப்பீட்டு விதிகள் தனி. சான்றளிக்கும் மருத்துவர்கள்தான் அதைக் கணக்கிடுவார்கள்.