எறிவதற்கு முன் விழப் பழக வேண்டும்

கராத்தே வகுப்பில் பிள்ளைகளைச் சேர்க்க வருகிற பெற்றோர் இப்போதெல்லாம் வீடியோ பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். "மாஸ்டர், கையை முறுக்கித் தூக்கிப் போடுவாங்களே, அதெல்லாம் உண்டா?" என்று கேட்கிறார்கள். உண்டு. ஆனால் அது கராத்தேக்குள் வந்த வழி வேறு, கற்றுத்தர வேண்டிய முறையும் வேறு. குத்தும் உதையும் மட்டுமே பழகிய மாஸ்டர்கள் சிலர் அதே வீடியோக்களைப் பார்த்து எறிதலையும் பாடத்தில் சேர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். வாடோ-ரியூ என்ற கராத்தே பிரிவில் பயிற்சி கொடுக்கிறவன் என்ற முறையில் எனக்கு இது கவலையாக இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கையை முறுக்குவதும் தூக்கிப் போடுவதும் ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானியக் கலையின் வேலை. ஆனால் கராத்தே அந்த ஜுஜுட்சுவிலிருந்து பிறந்ததல்ல. கராத்தேயின் ஊர் ஜப்பானின் தெற்கே உள்ள ஒக்கினாவா தீவு. உள்ளூர்க் கைச்சண்டையும் சீனாவிலிருந்து வந்த முறைகளும் அங்கே கலந்து உருவானது அது. ஜுஜுட்சு ஜப்பானியப் பெருநிலத்துச் சாமுராய்களுடையது. அதன் மிகப் பழைய பள்ளிகளில் ஒன்றான தகெனோஉச்சி-ரியூ 1532-இல் தொடங்கியது. கவசம் போட்டவனைக் குத்தினால் குத்தியவன் கைதான் போகும். அதனால் பிடிப்பது, நிலைகுலைய வைப்பது, தரையில் அமுக்குவது, குறுவாளை எடுப்பது என்று அந்தக் கலை வளர்ந்தது. அதில் குத்தே இல்லை என்று நினைக்க வேண்டாம். அத்தேமி என்ற பெயரில் உண்டு. பெரும்பாலும் அடுத்த பிடிக்கு வழி திறக்கிற வேலைதான் அதற்கு.

இரண்டும் நெருங்கிய இடம் டோக்கியோ. 1922-இல் ஒக்கினாவாவிலிருந்து ஃபுனகோஷி கிச்சின் கராத்தேயைச் செய்துகாட்ட அங்கே போனார். ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ அவரைத் தம் ஜூடோ பள்ளியான கோடோகானுக்கும் அழைத்தார். கானோவும் பழைய ஜுஜுட்சு பள்ளிகளில் பயின்று, 1882-இல் ஜூடோவை அமைத்தவர்தான். இன்று நாம் போடும் வெள்ளை உடை, கறுப்பு பெல்ட், டான் என்ற கறுப்பு பெல்ட் தர வரிசை எல்லாம் ஜூடோவிலிருந்து எடுத்துக்கொண்டவை. ஃபுனகோஷி முதன்முதலாக டான் தரம் கொடுத்தது 1924-இல். அதைப் பெற்றவர்களில் ஒருவர் ஓட்சுகா ஹிரோனோரி. சிறுவயது முதலே ஜுஜுட்சு பழகியவர், ஷிண்டோ யோஷின்-ரியூ என்ற ஜுஜுட்சு பள்ளியைச் சேர்ந்தவர். பின்னாளில் அவர் தனியே அமைத்ததுதான் வாடோ-ரியூ.

ஓட்சுகா செய்தது இரண்டு பாடங்களை ஒட்டுப்போடும் வேலையல்ல. முகத்துக்கு நேராக ஒரு குத்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக முன்கையால் அடித்துத் தடுத்துவிட்டு, அப்புறம் திருப்பிக் குத்துவோம். அவருடைய இணைப் பயிற்சிகளில் தடுப்பும் பதிலடியும் தனித்தனி இல்லை. முன்பாதம் சற்றே வெளிப்பக்கம் நழுவும், இடுப்பு திரும்பும், வந்த குத்து உடம்பை உரசுகிற மாதிரி கடந்துபோகும். ஒரு கை அதை ஒட்டியே வழியனுப்ப, மற்றொரு கை அதற்குள் எதிராளியின் விலாவில் இருக்கும். குத்தியவன் இலக்கைக் காணாமல் ஓர் அங்குலம் முன்னால் சாய்ந்திருப்பான். ஜுஜுட்சு அந்த ஓர் அங்குலத்தில்தான் இருக்கிறது. அது கிடைத்தால் மணிக்கட்டைத் திருப்பவோ காலை வாரவோ பலம் தேவையில்லை. கிடைக்காவிட்டால் இரண்டு பேரும் பலத்தால் இழுத்துக்கொண்டு நிற்பார்கள், மூட்டு பிசகுவது அப்போதுதான்.

கராத்தேயில் இருக்கும் பிடிகளெல்லாம் ஜுஜுட்சுவின் கொடை என்று சொல்லிவிடவும் முடியாது. ஒக்கினாவாவுக்கே சொந்தப் பிடிகள் உண்டு. ஃபுனகோஷி 1935-இல் வெளியிட்ட நூலில் ஒன்பது எறிதல்களைக் காட்டுகிறார். ஆனால் பள்ளி மாணவர்களைக் கூட்டமாக நிறுத்திக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியபோதும், பிறகு போட்டி விளையாட்டாக மாறியபோதும் இவை ஓரத்துக்குப் போயின. இன்றைய புள்ளிப் போட்டிகளில் மூட்டுப் பூட்டுக்கு, அதாவது மூட்டை முறுக்கி அசையவிடாமல் பிடிப்பதற்கு, இடமே இல்லை, எறிதலுக்கும் கடுமையான வரம்பு உண்டு. ஆக, கறுப்பு பெல்ட் வாங்கியும் ஒருமுறைகூட ஒழுங்காக எறியப்படாத மாஸ்டர் இருப்பது சாதாரணம். அதில் குறை ஒன்றும் இல்லை, அவர் எறியக் கற்றுத்தராத வரை.

ஜூடோவின் சொந்த நாட்டிலேயே நிலைமை என்ன தெரியுமா? ஜப்பானியப் பள்ளி ஜூடோவில் 1983 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்திருக்கிறார்கள். பெரும்பகுதி தலைக்காயம். புதிதாகச் சேர்ந்தவர்கள்தான் அதிகம். ஒசோட்டோ-காரி என்று, காலைப் பின்னாலிருந்து வாரி மல்லாக்கத் தள்ளும் எறிதல் இருக்கிறது. தலை தரையில் மோதாவிட்டாலும், கழுத்து வெட்டி இழுபட்டாலே மண்டைக்குள் ரத்தக்குழாய் கிழிந்து ரத்தம் கட்டலாம். மெத்தை விரித்த கூடத்தில் இந்தக் கதி என்றால், சிமென்ட் தரையிலும் மொட்டை மாடியிலும் எறிதல் பழக்குவதை என்னவென்று சொல்வது?

அதனால் உக்கெமி, அதாவது விழும் பயிற்சி, முதலில் வர வேண்டும். முகவாய் நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், கண் தன் பெல்ட் முடிச்சைப் பார்க்க வேண்டும். முதுகு தரையைத் தொடும் அதே கணத்தில் இரண்டு முன்கைகளும் உடம்பிலிருந்து சற்று விலகி மெத்தையை அறைய வேண்டும், மூச்சு வெளியே போக வேண்டும். எல்லோருக்கும் முதலில் வருவது உள்ளங்கையைப் பின்னால் ஊன்றுவதுதான். மணிக்கட்டு முறிவது பெரும்பாலும் அப்படித்தான். குந்தி உட்கார்ந்து விழுவதில் தொடங்கி, நின்று விழுவதற்குப் பல வாரங்கள் ஆகும். பிள்ளைகளுக்கு அலுத்துப்போகும், பெற்றோருக்கும்தான். அதற்காக அவசரப்படக் கூடாது.

பூட்டுக்கும் கழுத்துப் பிடிக்கும் அடுத்த விதி, தட்டுவது. எதிராளி உடம்பிலோ தரையிலோ இரண்டு முறை தட்டினால் உடனே விட வேண்டும். பூட்டு மெதுவாக ஏற வேண்டும், வெடுக்கென்று அல்ல. கழுத்தின் இரு பக்க ரத்தக்குழாய்களும் அழுந்தினால் மயங்குவதற்குப் பத்து விநாடி போதும். ஜப்பானில் தொடக்கப்பள்ளிச் சிறுவர்களின் ஜூடோ போட்டியில் கழுத்து நெரிப்பும் மூட்டுப் பூட்டும் கிடையாது. என் வகுப்பிலும் சிறுவர்களுக்கு இரண்டும் கிடையாது, யார் கேட்டாலும் சரி.

அந்தக் காலத்து ஜுஜுட்சு ஆசிரியர்கள் பலர் எலும்பு கட்டத் தெரிந்தவர்கள், நம் வர்ம ஆசான்களைப் போல. ஓட்சுகாவும் அந்த வைத்தியம் செய்தவர்தான். இன்றைய மாஸ்டருக்கு அந்தக் கை இல்லை, ஆகவே பிசகிய மூட்டை இழுத்துவிடும் வேலையில் அவர் இறங்கக் கூடாது. அசையாமல் கட்டி, ஐஸ் வைத்து, எக்ஸ்-ரே எடுக்க அனுப்ப வேண்டும்.

வகுப்பைப் பார்க்கப் போகிற பெற்றோர் கேடயங்களையும் சான்றிதழ்களையும் பார்ப்பதைவிட மெத்தையைப் பாருங்கள். எறிதல் நடக்கும் இடத்தில் மெத்தை இருக்கிறதா, விழும் பயிற்சி ஒவ்வொரு வகுப்பிலும் நடக்கிறதா, தட்டியதும் விடுகிறார்களா என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே தெரிந்துவிடும். விழுந்த பிள்ளை அன்றிரவு தலைவலி என்றாலோ, வாந்தி எடுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ, காலையில் பார்க்கலாம் என்று விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். டாக்டர் சம்மதிக்கும்வரை மாஸ்டர் கூப்பிட்டாலும் வகுப்புக்கு அனுப்ப வேண்டாம்.